லுங்கியோடு சேர்ந்த தையல்

பட்டாசுக் கம்பெனிக்குத் திரும்பிப் போகப் பயந்து, சிவகாசியில் ஒரு பயிற்சி வகுப்பில் சேர்ந்து துணியில் அச்சு வைக்கவும் கையால் தைக்கவும் பழகினேன். வகுப்பில் ஆம்பளை நான் ஒருவன்தான். ஆர்டர் தரும் அம்மா வந்து, "துணியைக் கொண்டாந்து காட்டுங்க, நல்லாருந்தா வேலை" என்றார். துணியைத் தூக்கினேன்; லுங்கியும் கூடவே வந்தது. மடியில் வைத்துத் தைத்த மேதை, இரண்டையும் ஒன்றாகத் தைத்திருந்தேன். பிரித்தால் வேலை போகும். எழுந்தால் மானம் போகும்.

பக்கத்திலிருந்த மும்தாஜ் அக்கா பார்த்துவிட்டார். "ஏலே, அசையாத" என்று முணுமுணுத்துவிட்டு, "அம்மா, தம்பிக்குக் கால் மரத்துப்போச்சு. நீங்க இங்கன வாங்க" என்றார்.

அந்த அம்மா குனிந்து தையலை இழுத்துப் பார்த்தார். நான் லுங்கியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"எம்புட்டு உறுதி! நாளைக்கே வேலைக்கு வந்துருங்க."

அவர் போனதும் அக்கா கத்தரியை எடுத்து, தையலை விட்டுவிட்டு லுங்கியை வெட்டினார். அப்புறம்தான் சிரித்தார்.

ஊரையே சிரிக்க வைப்பவன் நான். அந்த அம்மா போகும்வரை ஒருவர் சிரிக்காமல் இருந்தது அன்றைக்கு என்னைக் காப்பாற்றியது.