ரெஜினா அக்காவின் ஒற்றை ஊசி

ரெஜினா அக்கா இறந்ததை ஒரு பலசரக்குக் கடையின் கண்ணாடிக் கதவில்தான் அறிந்தேன். இரண்டு நாள் விடுமுறையில் இருந்தேன். அவருடைய தங்கையிடம் என் தொலைபேசி எண் இல்லை. திங்கட்கிழமை காலை பாரிஸின் ரூ பெர்தொனே தெருவில் இடியப்பம் வாங்கப் போனபோது, அரிசி மூட்டை விலைக்கும் தேர்த் திருவிழா அறிவித்தலுக்கும் நடுவே, 'கண்ணீர் அஞ்சலி' என்ற தலைப்பின் கீழ் அவருடைய முகம் ஒட்டப்பட்டிருந்தது.

அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. அந்தப் படம் எங்கே எடுக்கப்பட்டது என்று எனக்குத் தெரியும். அதன் இடது கீழ் மூலையில் பழுப்பு நிறத்தில் ஏதோ துருத்திக்கொண்டு நின்றது. கடைக்கு வந்து போகிறவர்கள் அதைச் சால்வையின் ஓரம் என்று நினைத்திருப்பார்கள். அது ஒரு மானின் காது. படத்திலிருந்து மானை வெட்டி நீக்கியவர்கள் காதை விட்டுவிட்டார்கள். படத்தின் கீழே இங்குள்ள தமிழ்ச் சங்கத்தின் பெயருடன் 'வேட்டை வீராங்கனை, எங்கள் குரு' என்று அச்சடித்திருந்தது.

அந்த மானை அவர் எய்யவில்லை. அவரைத் தெரிந்தவர்கள் இதை வாசிப்பீர்கள் என்பதால் முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

உங்களில் பலர் அவரை மூக்குக்கண்ணாடிக் கடையில் பார்த்திருப்பீர்கள். புதுச்சேரிக் கத்தோலிக்கக் குடும்பம். சிறு வயதிலேயே பாரிஸுக்கு வந்து, இங்கேயே படித்து, மூக்குக்கண்ணாடி நிபுணராகப் பட்டம் பெற்றவர். பக்கத்து மேசையில் ஆறு ஆண்டுகள் அவருடன் வேலை செய்தேன். இனிமையானவர் என்று யாரும் சொல்ல முடியாது. பேரம் பேசுகிறவர்கள் வந்தால், தமிழே தெரியாதவர்போல் பிரெஞ்சில் பதில் சொல்வார். என்னுடைய யாழ்ப்பாணப் பேச்சை நக்கலடிப்பார். வில்வித்தைப் போட்டிகளில் வென்ற பதக்கங்களைத் தன் மேசைக்குப் பின்னால், வருகிறவர்கள் கேட்டே தீரவேண்டிய உயரத்தில் மாட்டி வைத்திருந்தார். கேட்டால் கால்மணி நேரம் கதைப்பார்.

ஒருமுறை ஒருவர், நிறுவனப் பெயரைப் பொன்னிற எழுத்தில் பெரிதாகப் பொறித்த கண்ணாடிச் சட்டம்தான் வேண்டும் என்று அடம்பிடித்தார். அவருடைய கண்ணின் அளவுக்கு அது பொருந்தவே பொருந்தாது. அக்கா கேட்டார்: "கண்ணுக்கு வாங்குறீங்களா, முகத்துக்கு வாங்குறீங்களா? முகத்துக்குன்னா பக்கத்துல நகைக்கடை இருக்கு." அவர் கோபித்துக்கொண்டு போய்விட்டார். கடை முதலாளி அக்காவைத் திட்டினார். அக்கா சிகரெட்டை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்ததும் பாரிஸ் புறநகரான ஓல்னே-சூ-புவாவில் இருந்த வில்வித்தைக் கழகத்துக்குப் போவார். அவரிடம் இரண்டு விற்கள் இருந்தன. இரண்டிலும் குறிபார்க்கும் கருவி, பிரெஞ்சில் விஸேர் என்பார்கள், வேறுவேறு வகை. போட்டி வில்லில் இருந்த குறிகாட்டியில் ஒரே ஊசி, அதனுடன் ஒரு சிறு பூதக்கண்ணாடி. சக்கரத்தைத் திருப்பினால் ஊசி ஏறி இறங்கும். ஐம்பது மீட்டருக்கு ஓர் அளவு, எழுபதுக்கு ஓர் அளவு. தூரம் முன்பே தெரிந்த மைதானத்தில், நேரமெடுத்துத் திருப்பி வைத்து எய்வதற்கு அது.

வேட்டை வில்லில் இருந்தது வெறும் வளையம். அதற்குள் ஒன்றன் கீழ் ஒன்றாக ஐந்து ஊசிகள் பூட்ட இடம் உண்டு. மேல் ஊசி இருபது மீட்டருக்கு, அடுத்தது முப்பதுக்கு, இப்படியே அறுபது வரை. அக்கா மேல் ஊசியை மட்டும் வைத்துக்கொண்டு மிச்சம் நான்கையும் கழற்றி எறிந்துவிட்டார்.

"ஏன் அக்கா, அதுகளும் இருந்திட்டுப் போகட்டுமே?" என்று கேட்டேன்.

"இருந்தா கை சும்மா இருக்காதுடா. எனக்கு என்னைத் தெரியும்."

பிறகு ஒரு மெத்தை நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து சொன்னார்: "குறி வைக்கிற அட்டைக்கு வலிக்காது. அதை எழுபதுல அடி, நூறுல அடி, உன் இஷ்டம். மானுக்கு எத்தனை மீட்டர்னு கேக்காத. அம்பு போய்ச் சேர்றதுக்குள்ள அது ஒரு எட்டு எடுத்து வைக்குமா வைக்காதான்னு கேளு."

மோகன் அண்ணையை உங்களுக்கு அறிமுகப்படுத்தத் தேவையில்லை. அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: நகை வியாபாரி, சங்கத் தலைவர், மாலை போடவும் போட்டுக்கொள்ளவும் எப்போதும் கோட்டுடன் தயாராக இருப்பவர். பெரிய ஜெர்மன் கார்கள் எல்லோரிடமும் வந்துவிட்ட பிறகு, வேட்டைப் பெர்மி, அதாவது அனுமதிச் சீட்டு, எடுப்பது அவருடைய வட்டத்தில் புதிய வழக்கமானது. கடையில் வேலை செய்யும் பெடியங்கள் கால் வீங்க நிற்கும்போது, முதலாளிமார் ஒரு நாளுக்குக் காட்டை வாடகைக்கு எடுத்தார்கள். துப்பாக்கி எல்லோரும் வைத்திருந்ததால் மோகன் அண்ணைக்கு வில் வேண்டியிருந்தது.

ஒரு பெட்டியுடன் எங்கள் கடைக்கு வந்தார்.

"அக்கா, இந்த விஸேரை ஒருக்காப் பாருங்கோ. நூறு மீட்டர் வரைக்கும் அடிக்கலாமாம்."

அக்கா எடுத்துப் பார்த்தார். சக்கரம், நூறு வரை அளவு, பற்றரியில் எரியும் தடித்த பச்சை ஊசி.

"போட்டிக்குப் போறீங்களா, மிசியே மோகன்?"

"இல்லை அக்கா, மானுக்கு."

"அப்ப இது வேணாம். நீங்க சக்கரத்தைத் திருப்புற நேரத்துல மான் வேற இடத்துல நிக்கும். இந்த லைட்டு விடிகாலை இருட்டுல பளீர்னு பரவி மானையே மறைக்கும். மூணு ஊசி வச்ச சாதா விஸேர் வாங்குங்க. முப்பதுக்கு மேல இருக்கிறதைக் கழட்டிப் போடுங்க."

"என்ரை காரிலை வேகம் இருநூற்றறுபது வரைக்கும் போட்டிருக்கு. அதுக்காக நான் அப்பிடி ஓடுறனோ?"

"ஓட மாட்டீங்க?"

கடையில் இருந்த எல்லோரும் சிரித்தோம். அவரும் சிரித்தார். அக்கா விடவில்லை. "ஊசி தெளிவா தெரியுதா?"

"கொஞ்சம் மங்கல்தான்."

"வயசு. லுனெத் போடணும்."

"ஐயோ, படத்திலை வடிவாயிராது அக்கா!"

அந்தக் குறிகாட்டியைத்தான் பூட்டினார். மூக்குக்கண்ணாடி போடவில்லை. நவம்பரில் வேட்டைக்கு அக்காவையும் அழைத்தார். அக்கா போனார். அவர் ஒன்றும் துறவி இல்லை. தனியார் காட்டுக்குள் விடுகிறோம் என்றால் யாருடனும் போவார். அவரைக் காரில் ஏற்றிக்கொண்டு நானும் போனேன்.

பாரிஸுக்கு வடக்கே, பீட்ரூட் வயலை ஒட்டிய காடு. மோகன் அண்ணை அக்காவுக்குப் பக்கத்து மரத்தடியில் நின்றார். நான் அவர்களுக்குப் பின்னால். பனி விலகும் நேரம் வயலோரத்தில் ஒரு சிறு மான் வந்து நின்றது. அக்கா கையைத் தாழ்த்திக் காட்டினார்: "தூரம். விடுங்க. கிட்ட வரும்."

சக்கரம் திரும்பும் சத்தம் கேட்டது. "இதிலை அறுபது இருக்கு அக்கா."

எய்தார். நாண் அதிர்ந்த ஒலியிலேயே மான் உடலைத் திருப்பிவிட்டது. அம்பு வயிற்றில் போனது.

"பட்டிட்டுது! பட்டிட்டுது!" மோகன் அண்ணை என்னைக் கட்டிப்பிடித்தார். மற்ற முதலாளிமார் தொலைபேசிகளை உயர்த்திக்கொண்டு ஓடி வந்தார்கள். மான் முதுகைக் கூனிக்கொண்டு முட்புதர்ப் பக்கம் போனது. யாரும் அதைப் பார்க்கவில்லை. எல்லோரும் மோகன் அண்ணையைப் பார்த்தார்கள்.

மதியச் சாப்பாட்டுக்கு ஆட்டுக்கறியும் பாணும் விஸ்கியும் பாரிஸின் தமிழ்க் கடைத்தெருவான லா ஷப்பெலிலிருந்தே வந்திருந்தன. வேட்டைக் கொட்டிலின் வாசலில் நின்று மோகன் அண்ணை கூப்பிட்டார்: "அக்கா, வாங்கோ, சாப்பிடுவம். அது எங்கையாவது விழுந்து கிடக்கும்."

"விழல, மோகன். அது இன்னும் நடந்துக்கிட்டு இருக்கு."

'மிசியே' என்ற மரியாதைச் சொல் இல்லாமல் அவரை அக்கா அழைத்து அன்றுதான் கேட்டேன்.

காயப்பட்ட விலங்குகளை மோப்ப நாயுடன் தேடித் தருகிறவர்கள் இங்கே உண்டு. அக்கா அப்படி ஒருவரைத் தொலைபேசியில் அழைத்தார். ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் நாயுடன் வந்தார். வயிற்றில் பட்டதை உடனே துரத்தினால் அது இன்னும் தூரம் ஓடும் என்று இருவரும் காத்திருந்தார்கள். பிறகு நடந்தோம். கொட்டிலிலிருந்து பாட்டுச் சத்தம் வந்துகொண்டிருந்தது. இலைகளில் கிடந்தது சிவப்பு இரத்தம் இல்லை. பச்சையும் பழுப்பும் கலந்த, நாறுகின்ற ஒன்று. நான் இரண்டு தரம் வாந்தி எடுத்தேன். அக்கா திரும்பிப் பார்க்காமல் நாயின் பின்னால் போனார்.

வெளிச்சம் குறையும்போது முட்களுக்குள் கண்டுபிடித்தோம். உயிரோடு இருந்தது. தபால்காரர் கத்தியால் முடித்துவைத்தார். அக்கா பக்கத்தில் குந்தி அதன் தலையில் கை வைத்திருந்தார்.

அப்போது அவர்கள் வந்தார்கள், விஸ்கி மணத்தோடு. படம் எடுப்பதற்காக மானை இழுத்துப் புரட்டிக் காயம் பட்ட பக்கத்தை மண்ணில் வைத்தார்கள். இங்கத்தைய வேட்டைக்காரர் வழக்கப்படி வாயில் ஒரு பச்சைக் குச்சியைச் செருகினார்கள். மேலே மோகன் அண்ணையின் வில்லைச் சாய்த்தார்கள். அக்கா எழவில்லை.

"அக்கா, இஞ்சை பாருங்கோ!"

அக்கா நிமிர்ந்து பார்த்தார். அந்தப் படம்தான் கடைக் கதவில் இருக்கிறது. அந்த முகத்தில் இருப்பதை நீங்கள் வீரம் என்று நினைக்கிறீர்கள். அது அருவருப்பு. பக்கத்தில் நின்ற எனக்குத் தெரியும்.

அன்றிரவே படம் முகநூலில் வந்தது. 'என் முதல் மான். அறுபது மீட்டர். குறிகாட்டி தேர்ந்து தந்தவர் எங்கள் குரு ரெஜினா அக்கா.' சில நாள் கழித்து மோகன் அண்ணை உறைந்த இறைச்சிப் பொட்டலத்துடன் கடைக்கு வந்தார். தன் நகைக்கடைப் பையில் போட்டுக் கொண்டுவந்திருந்தார்.

"முதல்ல அந்த போட்டோவையும் என் பேரையும் எடுங்க. அப்புறம் கறி திங்கலாம்" என்றார் அக்கா.

"என்னக்கா, உங்களுக்கும் விளம்பரம்தானே!"

மோகன் அண்ணை பொய்யாகச் சொல்லவில்லை. உண்மையாகவே அப்படித்தான் நினைத்தார். அதைத்தான் என்னால் இன்னும் பொறுக்க முடியவில்லை. அதன்பிறகு வேறு சிலரும் 'மோகன் அண்ணைக்குக் குடுத்த அறுபது மீட்டர் விஸேர்' கேட்டு எங்கள் கடைக்கு வந்தார்கள். தான் அதைத் தேர்ந்து கொடுக்கவில்லை என்று அக்கா சொன்னால், அடக்கம் என்றார்கள். ரெஜினா அக்காவுக்கு அடக்கமாம்! அவருடைய மேசைக்குப் பின்னால் இருந்த சுவரை அவர்கள் பார்க்கவே இல்லையா?

நுரையீரலில் நோய் என்று தெரிந்தபின் அவர் விரைவாக மெலிந்தார். மருத்துவமனையில் ஒருநாள் சொன்னார்: "மெடல் எல்லாம் தங்கச்சி எடுத்துக்கட்டும். அந்த போட்டோவை மட்டும் எடுக்கச் சொல்லுடா. நான் அடிக்காததை என் தலையில கட்டிட்டான். அதோட என்னைப் பொதைக்காதீங்க."

போய்ச் சொன்னேன். மோகன் அண்ணை தொலைபேசியை எடுத்துக் காட்டினார். "தம்பி, எவ்வளவு லைக் வந்து கிடக்கு, பாரும். அவவுக்கும் பெருமைதானே. விடும்."

அந்தப் படத்தோடுதான் அவரைப் புதைத்தோம். நினைவுக்கூட்டத்தில் அதைச் சட்டம் போட்டு, மாலை போட்டு வைத்திருந்தார்கள். மோகன் அண்ணையின் கடைப் பெடியங்கள், ஓய்வு நாளில் அழைத்துவரப்பட்டவர்கள், சுவரோரமாகத் தேநீர்த் தட்டுகளுடன் நின்றார்கள். மோகன் அண்ணை பேசினார். "அறுபது மீட்டர்!" என்றபோது கைதட்டினார்கள். செத்த ஒருவருக்கான கூட்டத்தில் கைதட்டினார்கள்.

நான் ஒலிவாங்கியைக் கேட்டு வாங்கினேன். அன்று நடந்ததை, மேலே எழுதியதைவிடச் சுருக்கமாக, சொன்னேன். எய்ய வேண்டாம் என்றார், இவர் எய்தார், வயிற்றில் பட்டது, நீங்கள் சாப்பிட்டீர்கள், அவர் மாலைவரை தேடினார். முன்வரிசையில் ஒருவர் எழுந்தார்: "தம்பி, இது செத்த வீட்டுக் கதையே? இறங்கும்!" ஒலிவாங்கி நின்றுவிட்டது. தேவாரம் போட்டார்கள், ஒரு கத்தோலிக்கப் பெண்ணுக்கு.

அக்காவின் தங்கை என்னிடம் வந்து ஒன்றே ஒன்று கேட்டார். "அப்ப அந்த மூலையில இருக்கிறது?"

"காது."

அவர் மேடைக்குப் போனார். படத்தை மாலையோடு தூக்கிச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி வைத்தார். வந்தவர்கள் வடை சாப்பிட்டுவிட்டுக் கலைந்தார்கள்.

மறுவாரம் தங்கை அக்காவின் வேட்டைக் குறிகாட்டியைக் கடைக்குக் கொண்டுவந்து என்னிடம் தந்தார். நான் வில்லைத் தொட்டதே இல்லை, தொடப்போவதும் இல்லை. ஆனாலும் அது என் மேசையில் இருக்கிறது. ஒரு வளையம், மேலே ஒரு ஊசி, கீழே நான்கு வெற்றுத் துளைகள். அக்காவிடமிருந்து நான் வைத்திருப்பது அந்தத் துளைகளைத்தான்.

போன வாரம் மோகன் அண்ணை வந்தார். பில் வாசிக்க முடியவில்லையாம். கடைசியில் லுனெத் வேண்டுமாம். மேசையில் இருந்ததைக் கையில் எடுத்தார்.

"இது அக்காவின்ரையோ? ஒரு ஊசிதான் கிடக்கு. பழுதோ?"

"இல்லை அண்ணை. அவ அவ்வளவுதான் வைச்சிருந்தவ."

"தாரும். சங்கத்திலை கண்ணாடிப் பெட்டிக்குள்ளை வைப்பம். படத்துக்குப் பக்கத்திலை நல்லாயிருக்கும்."

"தரமாட்டன்."

அவர் முகம் சுருங்கியது. நான் குறிகாட்டியை வாங்கி இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, அவரை நாற்காலியில் உட்காரச் சொன்னேன். தூரச் சுவரில் இருந்த எழுத்துகளைக் கடைசி வரிவரை பிழையில்லாமல், சத்தமாக வாசித்தார். பிறகு கிட்டப் பார்வைக்கான எழுத்து அட்டையை அவர் கையில் கொடுத்தேன். கிட்டக் கொண்டுவந்தார், எட்டப் பிடித்தார். ஒரு வரியும் தெரியவில்லை.