பட்டனின் கழுத்தளவு

எங்கள் மாஸ்டர் தைத்த சட்டை கழுத்தைப் பிடிக்கிறது என்று ஒருவர்கூடத் திரும்பி வந்தது கிடையாது. இருபது வருடமாக அவர் கடையில் காஜா எடுத்து பட்டன் தைக்கிறவள் நான், சும்மா புகழவில்லை. பள்ளிக்கூட யூனிபார்ம் என்றால் இன்னும் விசேஷம். "வளர்ற பிள்ளைங்க, இறுக்கித் தெச்சா பாவம்" என்று மடிப்புக்குள் இரண்டு இஞ்ச் துணியை ஒளித்து வைப்பார். அடுத்த வருடம் பிரித்து விட்டால் போதும். அப்பேர்ப்பட்ட மனுஷனைப் பற்றி இதைச் சொல்ல எனக்கு நாக்குக் கூசுகிறது. பாதித் தப்புதான் அவருடையது. மீதி என்னுடையது.

மாஸ்டருக்குப் பெண்டாட்டி பிள்ளை கிடையாது. கடைக்குப் பின்னால் ஒரே அறை, அதில் அவரும் பட்டனும். அளவு கொடுக்க வந்த யாரோ பையில் கொண்டுவந்து தந்த கறுப்பு நாய்க்குட்டி அது. வந்த வாரமே என் பட்டன் டப்பாவைக் கவிழ்த்து ஒன்றை விழுங்கிவிட்டது. மறுநாள் பட்டன் வெளியே வந்துவிட்டது, பேர் மட்டும் தங்கிவிட்டது.

கடையில் வாங்கிய கழுத்துப்பட்டையிலிருந்து இரண்டு முறை தலையை உருவிக்கொண்டு ரோட்டுக்கு ஓடியது. இரண்டாவது தடவை பஸ் சக்கரத்திலிருந்து மயிரிழையில் தப்பியது. அன்றைக்கு மாஸ்டர், துணிப்பைக்குக் கைப்பிடி வைக்கிற நைலான் பட்டையை வெட்டி, குட்டியின் கழுத்தில் வைத்தே டபுள் தையல் போட்டார். கொக்கி இல்லை, பக்கிள் இல்லை.

"இனி எமனே வந்தாலும் உருவ முடியாது" என்றார்.

"உங்க தையலாச்சே!" என்று நானும் சிரித்தேன். பட்டனுக்கு அப்போது மூன்று மாதம்.

அப்புறம் அது மளமளவென்று வளர்ந்தது. கழுத்து முடி அடர்ந்து பட்டையை மூடிவிட்டது. கண்ணில் படாததை யார் நினைக்கிறார்கள்? நாங்கள் மறந்தே போனோம். ஐந்தாறு மாதத்தில் ஒரு நாற்றம் ஆரம்பித்தது. மூக்கைப் பொத்திக்கொண்டு நான்தான் கத்தினேன்.

"சாக்கடையில புரண்டுட்டு வருது சனியன். பின்பக்கம் தள்ளுங்க மாஸ்டர், துணியில நாத்தம் ஏறுது."

தள்ளினார். நான் எட்ட நின்று சோப்புத் தண்ணீர் ஊற்றினேன், தொடவில்லை. ஒரு நாள் காலால் நகர்த்தியபோது உறுமியது. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. மர ஸ்கேலால் ஒன்று வைத்தேன். அது கடிக்கவில்லை. கழுத்தை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு தானே வெளியே போய்விட்டது.

இரண்டு நாள் அது எதுவும் தின்னவில்லை. மூன்றாம் நாள் மாஸ்டர் மடியில் தூக்கிப்போட்டுத் தடவினார். விரலில் சீழும் ரத்தமும் ஒட்டியது. முடியை விலக்கிப் பார்த்தோம். பட்டையைக் காணோம். அது கழுத்தை அறுத்துக்கொண்டு உள்ளே போய், மேலே சதை மூடியிருந்தது. மாஸ்டர் அப்படியே அள்ளிக்கொண்டு ஆட்டோவில் ஏறினார், நானும் கூடவே ஏறிக்கொண்டேன்.

கால்நடை ஆஸ்பத்திரியில் கூட்டம். பூனைக்கூடையோடு ஒரு டீச்சர் உட்கார்ந்திருந்தார். அவர் போட்டிருந்த ஜாக்கெட்டே எங்கள் கடைத் தையல். டாக்டரம்மா கழுத்தைப் பார்த்ததும் முகம் சிவந்து, "யாரு நாய் இது?" என்றார்.

என் வாய்க்குத்தான் பூட்டே கிடையாதே. "தெருநாய் டாக்டர். எங்க கடை வாசல்ல கெடந்துச்சு. எந்தப் பாவி கட்டினானோ!"

மாஸ்டர் என்னைப் பார்த்தார், தரையைப் பார்த்தார்.

"எங்க மாஸ்டர் தங்கமானவர். தெருநாயைக்கூட விடமாட்டார்" என்றார் டீச்சர். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. ஆனாலும் தலையை ஆட்டினேன்.

ஒரு மணி நேரம் கழித்து டாக்டரம்மா வெளியே வந்தார். தட்டில் அந்தப் பட்டை.

"பொழச்சுக்கும். குட்டியில போட்டதை அப்புறம் தளர்த்தவே இல்ல. வாரத்துக்கு ஒருக்கா ரெண்டு வெரலை உள்ள விட்டுப் பாத்திருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்காது. நாத்தம் வந்தப்பவாச்சும் முடிய விலக்கிப் பாத்திருக்கலாம். சரி, நீங்க கெளம்புங்க. காப்பகத்துல சொல்லி நல்ல வீடா பாத்துக் குடுத்துடறோம்."

மானம் தப்பியது என்று எனக்கு மூச்சு வந்தது. "வாங்க மாஸ்டர், போயிடலாம்" என்று கையைப் பிடித்து இழுத்தேன். வெட்கங்கெட்டவள்! வாசல்வரை வந்தவர் கையை உதறிவிட்டுத் திரும்பிப் போய், தட்டிலிருந்த பட்டையை எடுத்தார்.

"இது என் தையல், டாக்டர்."

"என்ன?"

"என் நாய். பேரு பட்டன். நான்தான் கழுத்துல வெச்சே தெச்சேன். ஊர்ப் பிள்ளைங்களுக்கெல்லாம் வளரும்னு துணி விட்டவன், இது வளரும்னு நெனைக்கல. என்ன வேணா திட்டுங்க. அவனை மட்டும் வேற யாருக்கும் குடுத்துடாதீங்க."

டீச்சர் குனிந்து பூனைக்கூடையின் மூடியைச் சரிசெய்ய ஆரம்பித்தார். டாக்டரம்மா திட்டவில்லை. "அப்போ எதுக்குத் தெருநாய்னு சொன்னீங்க?" என்றுதான் கேட்டார்.

சொன்னது நான். ஊர் வம்புக்கெல்லாம் முந்திக்கொள்கிற என் வாய், திறக்க வேண்டிய அந்த ஒரு நேரத்தில் திறக்கவில்லை.

"பயந்துட்டேன்மா" என்றார் மாஸ்டர். என் பேரை எடுக்கவே இல்லை.

பத்து நாள் கட்டுப்போட்டு பட்டன் வீட்டுக்கு வந்துவிட்டான். கழுத்தைச் சுற்றி முடி முளைக்காத ஒரு வளையம். காயம் நன்றாக ஆறிய பிறகு பக்கிள் வைத்த புதுப் பட்டை வந்தது. திங்கட்கிழமைதோறும் கடை திறந்ததும் மாஸ்டர் இரண்டு விரலை உள்ளே விட்டுப் பார்த்து, அளவு நோட்டில் குறித்துக்கொள்கிறார். "நீங்களும் ஒருக்கா பாருங்க காஜாக்கா, எனக்கு என் கையில நம்பிக்கை இல்ல" என்கிறார்.

மர ஸ்கேலால் அடித்ததை நான் அவரிடம் இன்னும் சொல்லவில்லை. பட்டன் என்னிடம் வந்து, தானாகவே கழுத்தைத் தூக்கிக் காட்டிக்கொண்டு நிற்கிறான். நான் ஊசி கோக்கிறவள்போல் குனிந்துகொள்கிறேன்.