அப்பா தகரம் அடித்த அந்தி

குளிருக்கு அஞ்சிப் போன வௌவால்கள், கோடை வந்ததும் எங்கள் மலையூரான வெலிங்டனில் வீட்டுக் கொல்லையில் என் மகன் மாட்டிய மரப்பெட்டிக்குத் திரும்பிவிட்டன. முப்பத்தேழு, சென்ற ஆண்டைவிட இரண்டு குறைவு. அந்தியில் அவை வெளியேறியபின் பெட்டிக்குள் குஞ்சுகளின் கீச்சொலி கேட்டது.

என் சிறுவயதில், அப்பாவின் வேலைக்குக் கொடுத்த குவார்ட்டர்ஸ் வீட்டின் கூரைக்குள்ளும் இப்படித்தான் அடைந்தன. நாற்றம் தாங்காத அப்பா, எல்லாம் இரைதேடப் போன நேரம் பார்த்து இடுக்கில் தகரம் அடித்தார். திரும்பி வந்தவை தகரத்தில் மோதின.

"ஏனுங்க, உள்ளே குஞ்சு கத்துதுங்க. புடுங்கீருங்க," என்றாள் அம்மா.

"காலையில பாத்துக்கலாம் புள்ள."

"அதுவரைக்கும் அதுக பசியோட கெடக்கோணுமா?"

அப்பா ஏணியை எடுத்தார். கடைசி வௌவால் நுழையும்வரை அம்மா அண்ணாந்தபடி நின்றாள். பச்சிளம் தங்கையைப் புதைத்து ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது. அம்மாவின் ரவிக்கை பாலில் நனைந்திருந்தது.