அவள் சிரித்த சுவரொட்டி

மனைவி இறந்த மறுநாள், பாலூற்றும் சடங்குக்குச் சாமான் வாங்கப் போனவன் கள்ளக்குறிச்சி பேருந்து நிலையச் சுவர் முன்னால் நின்றுவிட்டேன். அவளுக்குக் கண்ணீர் அஞ்சலி ஒட்டியிருந்தது. அது நான் கொடுத்ததல்ல. பதினாறாம் நாள் காரியப் பத்திரிகைக்கு அச்சகக்காரர் என்னிடம் நாலு வரிக் கவிதை கேட்டிருந்தார். இருபத்திரண்டு வருஷத்தை நாலு வரியில் மடிக்கத் தெரியாமல் நான் தாள் கிழித்துக்கொண்டிருந்தேன். அதற்குள் யாரோ முந்திக்கொண்டார்கள்.

படத்தில் சிரிக்கிறாள். எங்கள் ஆல்பத்தில் எங்குமில்லாத சிரிப்பு. தலை ஈரம். பின்னால் கறுத்த பாறை, வெள்ளையாய் விழும் தண்ணீர். கல்வராயன் மலை அருவி. மலைக்குக் கூப்பிட்டால், "பஸ்ஸு வளைஞ்சாலே எனுக்கு வாந்தி வரும்" என்பவள். படத்தின் கீழே ஒரே வரி: 'உன் சிரிப்பு எங்களிடம் இருக்கிறது.' இப்படிக்கு, நண்பர்கள்.

எங்களிடம். யாரிடம்? படம் பிடித்தவரைப் பார்த்துத்தானே அப்படிச் சிரித்திருக்கிறாள்?

துக்கம் விசாரிக்க வந்தவர்களில் அதிகம் அழுதவர்மேல் ஒரு சந்தேகம் வந்தது, அழாதவர்மேல் இரண்டு. அவள் போனைத் துழாவினேன். மலை இல்லை, தண்ணீர் இல்லை. இல்லாதது இன்னும் பயமாக இருந்தது.

சுவரொட்டியின் ஓரத்தில் அதே அச்சகத்தின் பெயர். அங்கே போனேன். "அந்தப் போஸ்டர் யாருங்க குடுத்தது?"

"வாட்ஸப்புல வந்துச்சி சார். நம்பரு அழிஞ்சிபோச்சி."

"அழிஞ்சிச்சா, அழிச்சீங்களா?"

"இன்னா சார் நீங்க, சாவு வூட்டுக்காரராச்சேன்னு பாக்கறேன்." அவர் மெஷின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

சுவரொட்டியைப் போனில் பிடித்து, பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். மயில்கழுத்து நிற ரவிக்கை, கையோரம் வெள்ளைப் பைப்பிங். பீரோவைக் கலைத்துப் போட்டேன். அப்படியொரு ரவிக்கை வீட்டில் இல்லை.

ஒன்பதாம் நாள், அவளோடு தையல் கடையில் வேலை பார்த்த பெண் வந்தாள். அதே மயில்கழுத்து, அதே வெள்ளை ஓரம். ஒரே துணியில் வெட்டியது.

"இந்த ரவிக்கை ஏதும்மா?"

அவள் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டாள். வெட்கத்தோடு போனை நீட்டினேன். படத்தைப் பார்த்ததும் தலை குனிந்தாள்.

"நாங்க மூணு பேரும் ஒண்ணா தச்சிக்கினோம்ணா. போன ஆடில கச்சிராயபாளையம் போயி, வேன் புடிச்சி மேல போனோம். அக்கா ஒரு வாந்தி எடுக்கல. படம் புடிச்சது நான்தான். போஸ்டரும் நாங்கதான். எங்க பேரு போடலன்னா ஒங்களுக்குத் தெரியாதுன்னு நெனச்சோம்."

"அருவியே தெரியுதேம்மா!"

"வேற படத்துல அக்கா சிரிக்கலியே."

"அன்னிக்கு எங்கிட்ட திருக்கோவிலூரு போறேன்னில்ல சொன்னா? எதுக்கு மறைக்கணும்?"

"கோச்சிக்காதீங்க. 'அந்தாளுகிட்ட சொன்னா அன்னிக்கே கவிதையா எழுதிருவாரு, அப்பறம் அது அவரு அருவியாப் பூடும். எனுக்குன்னு ஒண்ணு இருக்கட்டும்டி'ன்னுச்சி." சொல்லும்போதே சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. சிரித்தபடியே அழுதாள்.

உடனே நம்பவில்லை. எட்டு நாள் சோறு போட்டு வளர்த்த சந்தேகம், சொன்னவுடன் எழுந்து போய்விடுமா? மறுநாள் தையல் கடைக்கே போனேன். என் மனைவியின் மெஷினுக்குப் பின்னால், ஆணியில் தொங்கியது ரவிக்கை. அக்குளில் வியர்வைக் கறை. தண்ணீரில் நனைந்து சாயம் கொஞ்சம் வெள்ளை ஓரத்தில் இறங்கியிருந்தது. தொடாமல் வந்துவிட்டேன்.

என் கவிதைகளின் ஒவ்வொரு வரியிலும் அவளைத் தேடினேன். சமைக்கிறாள், கோலம் போடுகிறாள், எனக்காகக் காத்திருக்கிறாள். எதிலும் அவள் நனையவில்லை.

அச்சகக்காரரிடம் அதே படத்தைக் கொடுத்தேன். "பேரு, தேதி மட்டும் போடுங்க."

"அந்த நாலு வரி?"

"இல்ல."

"எடம் காலியாக் கெடக்குமே சார். கவிஞர் வூட்டுப் பத்திரிகைல கவிதை இல்லன்னா ஜனம் இன்னா நெனைக்கும்?"

"சந்தேகப்படும்" என்றேன்.