ஆறு பிள்ளைகளும் ஒரு கால் ஆர்மோனியமும்

எனக்குக் கோபம் வந்தால் யோசனைக்கு முன்னால் கால் கிளம்பிவிடும். மகள் மூன்றாம் வகுப்பு படிக்கும்போது அப்படித்தான் ஒரு நாள் விறுவிறுவென்று பள்ளிக்கூடத்துக்குப் போய், கத்தித் தீர்த்துவிட்டு, அவளுடைய டி.சி.யை வாங்கிக்கொண்டு வந்தேன். பரீட்சையில், டீச்சர் நோட்டில் எழுதிப்போட்ட விடையை எழுதாமல் அவளாக யோசித்து ஒரு விடை எழுதியிருந்தாள். டீச்சர் அதற்குத் தப்பு போட்டுவிட்டார். சரியாகத்தானே எழுதியிருக்கிறேன் என்று கேட்டதற்கு, மதியம் முழுக்க வகுப்புக்கு வெளியே நிற்க வைத்திருக்கிறார். நானும் கல்யாணத்துக்கு முன்னால் ஆறு வருடம் கணக்கு டீச்சராக இருந்தவள்தான். என் பிள்ளைக்கு நானே சொல்லிக்கொடுத்துக்கொள்கிறேன் என்று வீறாப்பாகப் பேசிவிட்டுத் திரும்பினேன். வீட்டுப் படியேறும்போதுதான் கணவரிடம் என்ன சொல்வது என்று யோசிக்க ஆரம்பித்தேன்.

இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் ஆகியிருந்த நேரம் அது. திண்டுக்கல்லில் ஒரு பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்க வைக்கிறோம் என்று சொன்னால், ஃபீஸ் கட்ட முடியவில்லை போல என்று நினைத்துக்கொள்வார்கள். கொஞ்சம் பிரியமானவர்கள் குரலைத் தாழ்த்தி, “பிள்ளைக்கு உடம்புக்கு ஏதும் முடியலையா?” என்பார்கள். எனக்கு இரண்டுக்கும் ஒரே அளவு எரிச்சல் வரும்.

கணவர் ஸ்பின்னிங் மில்லில் ஷிஃப்ட் சூப்பர்வைசர். கையெழுத்து இல்லாத காகிதத்தை அவர் காகிதமாகவே மதிக்கமாட்டார். டி.சி.யை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தி விஷயத்தை முடித்திருப்பேன்.

“ஒரு வருஷம் பாப்போம்” என்றார். “ஆனா நீயே சொல்லிக்குடுத்து நீயே மார்க்கு போட்டா அது சேராது. வெளியாள் ஒருத்தர் இந்தப் பிள்ளைக்கு இன்னது தெரியும்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரணும். இல்லையா, வர்ற ஜூன்ல திரும்ப ஸ்கூல்தான்.”

மகள் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அன்று ராத்திரி அவள் சரியாகச் சாப்பிடவில்லை.

வெளியாளை எங்கே போய்த் தேடுவது என்று நான் முழித்துக்கொண்டிருந்தபோதுதான் இசைக்கருவி அருங்காட்சியகத்தின் நோட்டீஸ் கைக்கு வந்தது. நத்தம் ரோட்டில் முன்பு புளி கோடவுனாக இருந்த கட்டடத்தை ஒரு டிரஸ்ட் வாங்கி, சுற்றுவட்டாரத்து ஊர்களிலிருந்து தவில், உறுமி, தப்பு, கொம்பு, பேண்டு செட்டு என்று சேர்த்து வைத்திருந்தார்கள். உள்ளே போனால் இன்னமும் புளி வாசம் அடிக்கும். பள்ளிப் பிள்ளைகளுக்குப் புதன்கிழமைதோறும் பத்து வாரப் பயிற்சி என்று நோட்டீஸில் போட்டிருந்தது. கடைசி நாளில் பிள்ளைகள் ஆளுக்கொரு கருவியைப் பொதுமக்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டும். நன்றாகச் சொன்னால் பொறுப்பாளர் கையெழுத்தோடு சான்றிதழ். அந்தக் கடைசி வரியை நான் மூன்று முறை படித்தேன்.

ஃபாரத்தில் பள்ளியின் பெயர், தலைமையாசிரியர் கையெழுத்து, பள்ளியின் சீல் எல்லாம் கேட்டிருந்தார்கள். போன் போட்டு, வீட்டில் படிக்கும் பிள்ளை என்று சொன்னேன். மறுமுனையில் இருந்த பெண் ஃபாரத்தைப் புரட்டிவிட்டு, “அப்படி ஒரு இடம் ஃபாரத்துல இல்லீங்களே” என்று போனை வைத்துவிட்டார்.

எங்களைப் போல வீட்டில் படிக்க வைக்கும் குடும்பங்கள் இன்னும் இரண்டு எனக்குத் தெரியும். ஒருவர் சேவுகம்பட்டிப் பக்கம் தோட்டம் வைத்திருந்தார், அவருக்கு மூன்று பிள்ளைகள். இன்னொருவர் தொப்பம்பட்டிக்காரம்மா, அவருக்கு இரண்டு பையன்கள். என் மகளையும் சேர்த்து ஆறு. மாதம் ஒருமுறை எங்கள் வீட்டில் கூடிப் புத்தகங்கள் மாற்றிக்கொள்வோம். அந்த மாதம் ஃபாரத்தை நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

தொப்பம்பட்டிக்காரம்மா எதையும் மெதுவாகத்தான் சொல்வார். “ஏனுங்க அக்கா, சீல்தானுங்க கேக்கறாங்க? செஞ்சு குடுத்துட்டாப் போச்சுங்க.”

மறுநாளே பஸ் ஸ்டாண்டு பக்கத்து ரப்பர் ஸ்டாம்ப் கடையில் நின்றேன். கடைக்காரர் பள்ளியின் பெயரைக் கேட்டார். அதுவரை அதை யோசிக்கவே இல்லை. வாயில் வந்த ஒரு பூவின் பெயரைச் சொன்னேன். “நர்சரியா, மெட்ரிக்கா?” என்றார். கொஞ்சம் கௌரவமாக இருக்கட்டுமே என்று “மெட்ரிக்” என்றேன். செத்த நேரத்தில் நான் ஒரு மெட்ரிகுலேஷன் பள்ளியின் தலைமையாசிரியை ஆகிவிட்டேன்.

அதோடு விட்டிருக்கலாம். யூனிஃபார்ம் இல்லாமல் எந்தப் பள்ளியாவது உண்டா, மாட்டிக்கொள்வோம் என்று சேவுகம்பட்டிக்காரர் பயமுறுத்தினார். ஒரே துணியில் ஆறு பேருக்கும் நீலக் கட்டம் போட்ட யூனிஃபார்ம் தைத்தோம். பள்ளிக்கூடமே வேண்டாம் என்று வெளியே வந்தவர்கள், கடைசியில் நாங்களே ஒரு பள்ளிக்கூடத்தையே கட்டி முடித்தோம். புது யூனிஃபார்மைப் போட்டுவிட்டபோது மகளின் முகம் சுருங்கிவிட்டது. “திரும்பவும் ஸ்கூலாம்மா?” என்று கேட்டாள். இல்லடா, இது சும்மா என்றேன். சும்மா என்றால் எதற்கு என்று கேட்டாள்.

முதல் புதன்கிழமையே குட்டு உடைந்தது. மற்றப் பள்ளிப் பிள்ளைகள் வாசலில் இறங்கியதும் வரிசை கட்டி, ஒரே குரலில் குட் மார்னிங் சொன்னார்கள். எங்கள் ஆறு பேரும் வாசலில் இருந்தே திசைக்கொன்றாகச் சிதறினார்கள். பொறுப்பாளர் முப்பது வயதுக்குள் இருக்கும் பெண், நறுக்கென்று பேசுகிறவர். தொப்பம்பட்டிப் பையனைப் பிடித்து எந்த வகுப்பு என்று கேட்டார்.

“கணக்குல ஆறாவதுங்க, தமிழ்ல மூணாவதுங்க” என்றான் அவன்.

அவர் என் மகளைப் பார்த்து, “உங்க ஸ்கூல் எங்கம்மா இருக்கு?” என்றார்.

பொய் சொல்லக்கூடாது என்று வளர்த்த பிள்ளை. “எங்க ஸ்கூல எங்கம்மா பஸ் ஸ்டாண்டு பக்கத்துல ஒரு கடையில செஞ்சாங்க” என்றாள்.

பொறுப்பாளர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டு ஃபாரத்தை மேஜையில் வைத்தார். நான் எல்லாவற்றையும் ஒத்துக்கொண்டேன். அதோடு நின்றிருந்தால் அவர் இரங்கியிருப்பாரோ என்னவோ. படிக்க வருகிற பிள்ளையிடம் சீல் கேட்கிற ஊர் உருப்படுமா என்று நான் குரலை உயர்த்திவிட்டேன். அவர் நாற்காலியை விட்டு எழுந்தார். “சீல் பொய்னா இந்த ஃபாரமும் செல்லாதுங்க. பயிற்சியில சேர்க்க முடியாது, சர்ட்டிபிகேட்டும் கிடையாது. டிக்கெட் எடுத்துட்டு பப்ளிக்கா வாங்க, எம்புட்டு நேரம் வேணாலும் பாருங்க.”

திரும்பி வரும்போது பஸ்ஸில் மகள் என் மடியில் தலைவைத்து, “நான் பொய் சொல்லியிருக்கணுமாம்மா?” என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. தப்பு என்னுடையது. அதற்கு ஜூன் மாதம் அவள் விலை கொடுக்க வேண்டும்.

யூனிஃபார்மைப் பீரோவுக்குள் போட்டுவிட்டு டிக்கெட் எடுத்துப் போக ஆரம்பித்தோம். பள்ளிப் பிள்ளைகளுக்குப் புதன்கிழமை ஒரு மணி நேரம்தான். எங்களுக்கு வாரத்தின் எல்லா நாளும் இருந்தது. சாப்பாடு கட்டிக்கொண்டு போய்ச் சாயங்காலம் வரை கிடப்போம். மூன்றாவது வாரத்தில் மகள் ஒரு கால் ஆர்மோனியத்தின் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தாள். அது ஒரு கிராமத்துக் கோயிலிலிருந்து வந்தது. எங்கள் கத்தோலிக்கக் குடும்பங்களில் தேவாலயத்தையும் கோயில் என்றுதான் சொல்வோம். கீழே இரண்டு மிதிகள், காலால் மாற்றி மாற்றி மிதித்தால் காற்றுப் போகும், இரண்டு கையாலும் வாசிக்கலாம்.

“அம்மா, இடது மிதி மட்டும் இம்புட்டு தேஞ்சிருக்கு. வலது மிதி புதுசு மாதிரி இருக்கு. ஏன்?”

வாசித்தவருக்கு ஒரு கால் முடியாமல் இருந்திருக்கும் என்றான் ஒரு பையன். வலது மிதியை மட்டும் மாற்றியிருப்பார்கள் என்றாள் சேவுகம்பட்டிப் பெண். அப்படி மாற்றியிருந்தால் ஆணி புதிதாக இருக்க வேண்டுமே, இரண்டிலும் ஒரே துருதானே என்று மகள் மடக்கினாள். பொறுப்பாளரிடம் கேட்டார்கள். அவர் விளக்கப் புத்தகத்தைப் புரட்டிவிட்டு, அதில் இல்லை என்றார். ஆர்மோனியம் எந்த ஊரிலிருந்து வந்தது என்பதை மட்டும் ரெஜிஸ்டரில் பார்த்துச் சொன்னார்.

செவ்வாய்க்கிழமை டவுன் பஸ் பிடித்து அந்த ஊருக்குப் போனோம், ஒரு வேலை நாளில் ஆறு பிள்ளைகளோடு. கோயிலைக் கூட்டிப் பெருக்கி மணியடிக்கும் கோயில்பிள்ளை எங்களைப் பார்த்து முதலில் ஏதோ வசூலுக்கு வந்தவர்கள் என்று நினைத்தார். மகள் கேட்டதும் சிரித்துவிட்டு, பாடகர் குழு நிற்கும் மூலைக்குக் கூட்டிப்போனார். சிமெண்டுத் தரையில் ஒரு பலகை பதித்திருந்தது. அதன் நடுவில் குதிகால் அளவுக்கு ஒரு பள்ளம்.

“பாடறவுகளுக்குக் கை காட்ட ஆளு கிடையாது பாப்பா. அதனால வாசிக்கிறவரு ஒத்தக் கால்ல மிதிப்பாரு, மத்தக் கால்ல தாளம் தட்டுவாரு. அந்தச் சத்தத்தப் புடிச்சுக்கிட்டுதான் எல்லாரும் பாடுவாக. சிமெண்டுல சத்தம் வராதுன்னு பலகை போட்டோம்.”

மகள் அந்தப் பள்ளத்தில் தன் குதிகாலை வைத்துப் பார்த்தாள். திரும்பி வரும்போது பஸ்ஸில் ஆறு பேரும் காலால் தட்டிக்கொண்டே வந்தார்கள். கண்டக்டர் இரண்டு தடவை அதட்டினார், நான் அவரை ஒரு தடவை அதட்டினேன்.

கடைசி நாள் வந்தது. கூடம் நிறையப் பெற்றோரும் பொதுமக்களும். எங்கள் பிள்ளைகள் டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஓரமாக நின்றார்கள். ஆர்மோனியத்தின் முன்னால் ஒரு பள்ளிப் பையன், “இரண்டு கால்களாலும் மாறி மாறி மிதிப்பதால் காற்று உண்டாகிறது” என்று கடகடவென ஒப்பித்தான். முன்வரிசையில் இருந்த ஒருவர் குனிந்து பார்த்துவிட்டுக் கேட்டார்: “ரெண்டு காலாலயும் மிதிச்சா இடது பக்கம் மட்டும் ஏன்ப்பா இப்படித் தேஞ்சு கிடக்கு?”

பையன் டீச்சரைப் பார்த்தான். டீச்சர், “புக்குல இல்லாததைக் கேக்காதீங்க சார், பிள்ளை பயந்துக்குவான்” என்றார்.

என் மகளின் கை மேலே போனது. பொறுப்பாளர் அந்தக் கையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் வாழ்க்கையில் முதல் தடவையாக வாயைத் திறக்காமல் நின்றேன்.

“சொல்லு” என்றார் அவர்.

மகள் சொல்லவில்லை, செய்து காட்டினாள். ஸ்டூலின் நுனியில் உட்கார்ந்து இரண்டு காலாலும் மிதித்து, தனக்குத் தெரிந்த ஒரே பாட்டை ஒற்றை விரலால் வாசித்தாள். மற்ற ஐந்து பேரும் அவளைப் பார்க்காமல் திரும்பி நின்று பாடினார்கள். இரண்டாவது வரியிலேயே ஆளுக்கொரு தாளத்தில் ஓடினார்கள், கூடமே சிரித்தது. “இப்பப் பாருங்க” என்றாள். வலது காலை எடுத்துக் ஆர்மோனியத்துக்கு அடியில் போட்டிருந்த மரப்பலகையில் வைத்தாள். இடது காலால் மிதித்து, வலது குதிகாலால் டக் டக்கென்று தட்டினாள். ஐந்து குரலும் ஒரு குரலாக எழுந்தது. மூன்றாவது வரியில் முன்வரிசைக்காரரின் செருப்பும் தட்டியது. பாட்டு முடிவதற்குள் புளி கோடவுன் முழுக்கக் கால்கள் தட்டின. “ஒத்தக் கால்னா மூச்சு வாங்கும். ஆனா எல்லாரும் சேந்து பாடலாம்” என்று மூச்சு வாங்கியபடியே சொன்னாள். கைத்தட்டலில் எனக்குக் காதே அடைத்தது. நான் விசிலடித்தேன் என்று இன்றைக்கும் சொல்கிறார்கள். அடித்திருப்பேன்.

பொறுப்பாளர் ஆறு சான்றிதழ்களை எடுத்து உட்கார்ந்தார். பள்ளி என்ற இடத்தில் என்ன எழுத என்று கேட்டார். அந்தப் பூவின் பெயர் மட்டும் வேண்டாம் என்றேன். சிரித்துக்கொண்டு ‘வீட்டில் படிக்கிறவர்’ என்று எழுதி, ‘கருவியை ஆராய்ந்து, எங்களுக்குத் தெரியாததைக் கண்டறிந்து விளக்கினார்’ என்று கீழே சேர்த்துக் கையெழுத்துப் போட்டார். அடுத்த வாரமே ஆர்மோனியத்தின் விளக்க அட்டையையும் மாற்றிவிட்டார்.

கணவர் ஷிஃப்ட் முடிந்து வந்து, கைகழுவித் துடைத்துவிட்டுத்தான் சான்றிதழை வாங்கினார். பொறுப்பாளரின் கையெழுத்தைப் பார்த்தார். அருங்காட்சியகத்தின் சீலைப் பார்த்தார். கீழே சேர்த்திருந்த வரியை இரண்டு முறை படித்தார். மகள் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவருடைய விரல் கீழே ஒரு மூலையில் போய் நின்றது.

“இந்த இடம் காலியா இருக்கே?”

எனக்குப் பகீரென்றது. அது அச்சடித்த ஃபாரம். அந்த மூலையில் தலைமையாசிரியர் கையெழுத்து என்று போட்டிருந்தது. “அது ஸ்கூல்ல போடற இடங்க” என்றேன்.

அவர் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். மூடியைக் கழற்றி என் பக்கம் நீட்டினார்.

“காலியா விடக்கூடாது. போடு.”

“நானா?”

“பின்ன? இந்தப் பிள்ளைக்கு வேற யாரு ஹெட்மாஸ்டர்?”

மகள் ஓடிவந்து அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். நான் கையெழுத்துப் போட்டேன். கண்ணில் நீர் நிறைந்து எழுத்துக் கோணலாகப் போனது. அவர் எட்டிப்பார்த்து, “தேதியும் போடு, தேதி இல்லாட்டி செல்லாது” என்றார். தேதியும் போட்டேன். அந்த ஜூனில் திண்டுக்கல்லில் எல்லாப் பள்ளிக்கூடங்களும் திறந்தன, என்னுடையதும் திறந்தது.