மாதா பின்னாடி இருந்த பாட்டில்

புதுச்சேரிப் பக்கம் பாகூர் ஆரோக்கியத்தைப் பார்த்தவர்கள் யாரும், இந்தப் பொம்பளை இப்படி ஒரு காரியம் செய்வாள் என்று கற்பூரம் அடித்துச் சொன்னாலும் நம்பமாட்டார்கள். ஞாயிறு பூசைக்கு முதல் ஆளாகப் போய் முன்வரிசையில் உட்காருகிறவள். முக்காடு போட்ட தலை நிமிராது. ஆனால் கைப்பக்குவம் இருக்கிறதே, அடேயப்பா!

அந்தப் பக்குவம் வந்தது புதுச்சேரி வெள்ளைக்காரத் தெருவில், ஒரு துரை வீட்டுக் குசினியில் சமையல் வேலை பார்த்தபோது. துரைசானி ருசியா தேசத்திலிருந்து ஓடிவந்து பிரெஞ்சுக்காரனைக் கட்டிக்கொண்டவள். சாயங்காலம் ஆனால் அவளுக்கு மூணு கலரில் ஒரு கிளாஸ் வேண்டும். அடியில், மாதுளம் முத்தைப் பிழிந்து சர்க்கரை போட்டுக் காய்ச்சிய சிவப்புப் பாகு. அதன்மேல் கிச்சிலிச் சாறு, அதான் ஆரஞ்சு. எல்லாவற்றுக்கும் மேலே எலுமிச்சை பிழிந்த வோட்கா. கரண்டியைக் கவிழ்த்துப் பிடித்து, அதன் முதுகில் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். அவசரப்பட்டால் போச்சு, மூன்றும் கலந்து சேற்றுத் தண்ணி ஆகிவிடும். ஆரோக்கியம் கைக்கு ஒரு நாளும் கலந்ததில்லை. துரைசானிக்கு அதில் அத்தனை சந்தோஷம். "நீயும் குடி" என்று கடைசி மடக்கை நீட்டுவாள். ஆரோக்கியம் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டு குடிப்பாள். சும்மா சொல்லக் கூடாது, பிடித்துத்தான் இருந்தது.

ஐம்பத்து நாலில் பிரெஞ்சுக் கொடி இறங்கியது, துரை குடும்பம் கப்பல் ஏறியது. போகிற நாளில் துரைசானி ஆரோக்கியத்தைக் கட்டிப்பிடித்து அழுதுவிட்டு, உடைக்காத ஒரு பாட்டில் வோட்காவைக் கையில் கொடுத்தாள்.

வேறு வீடாக இருந்தால் பரவாயில்லை. ஆரோக்கியம் வூட்டுக்காரர் சூசைநாதன் யார்? சாராயத்தில் ஊறிக் கிடந்து, ஒரு மழைநாளில் ஏரி மதகில் விழுந்து, செத்துப் பிழைத்த மனுஷன். வில்லியனூர் மாதாவிடம் போய், "இனி தொட்டா என் கை வெளங்காம போவட்டும்" என்று சத்தியம் பண்ணிவிட்டு வந்து அப்போதுதான் சில மாதம் ஆகியிருந்தது. அந்த வீட்டுக்குள் பாட்டிலைக் கொண்டுபோவதா? கொட்டிவிடவும் மனசு வரவில்லை. துரைசானி கொடுத்தது அது ஒன்றுதான்.

யோசித்து யோசித்து ஒரு வேலை செய்தாள். வில்லியனூர் மாதா கோயில் குளத்துத் தண்ணி பிடித்துவந்த பாட்டில் ஒன்று காலியாக இருந்தது. வோட்காவை அதில் ஊற்றி, மாடத்தில் மாதா சுரூபத்துக்குப் பின்னால் வைத்துவிட்டாள். பார்த்தால் பச்சைத் தண்ணி. "ஒடம்பு சரியில்லாதப்ப குடுக்கற தண்ணி, யாரும் கைவெக்கக் கூடாது" என்று மகள் ஜெயாவிடமும் சொல்லிவைத்தாள். அப்புறம் கிறிஸ்துமஸுக்கு ஒரு தரம், பாஸ்காவுக்கு ஒரு தரம், வீட்டில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து, மூணு கலர் போட்டு, தனியாக உட்கார்ந்து ஒரு கிளாஸ் குடிப்பாள். குடித்துவிட்டு மாதாவிடம் மன்னிப்பும் கேட்டுக்கொள்வாள்.

இப்படி ஓடிக்கொண்டிருந்தபோதுதான் ஜெயாவுக்குக் கடலூரிலிருந்து வரன் வந்தது. நல்ல பையன், சர்க்கரை ஆலையில் வேலை. பையனுடைய அம்மா காசம்மாள் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று. "குடிகாரன் இருக்கற வூட்ல நான் கை நனைக்க மாட்டேன். ஒங்க வூட்டுக்காரர் பழைய கதை எங்க காதுக்கும் வந்துது. இப்ப தொடறது இல்லன்னா சொல்லுங்க, நிச்சயத்துக்கு வர்றோம்."

"மாதா மேல ஆணையா தொடறது இல்ல சம்பந்தி" என்றாள் ஆரோக்கியம்.

வந்தார்கள். காசம்மாள், அவள் புருஷன் அந்தோணிசாமி, பையன். ஆரோக்கியம் அன்றைக்குத் தன் திறமை எல்லாவற்றையும் காட்டினாள். அதே மூணு கலர்தான், வோட்காவுக்குப் பதில் எலுமிச்சை பிழிந்த பானைத் தண்ணி. பெஞ்சு மேல் வரிசையாக நின்ற கிளாஸ்களைப் பார்த்துக் காசம்மாளே வாயைப் பிளந்துவிட்டாள். பூரிப்போடு ஆரோக்கியம் முறுக்கு எடுக்கப் பின்கட்டுக்குப் போனாள், சூசைநாதன் வெற்றிலை வாங்கத் தெருமுனைக்குப் போனார்.

அந்த நேரம் பார்த்துத்தானா காசம்மாளுக்குத் தங்கள் குடும்ப வழக்கம் ஞாபகம் வர வேண்டும்? நிச்சயத்தன்று எல்லாரும் மாதா தண்ணி கலந்து ஒரு வாய் குடிப்பது அவர்கள் வழக்கமாம். "மாதா தண்ணி இருக்காம்மா?" என்று கேட்டாள். மாமியார் ஆகப்போகிறவள் கேட்கிறாள், ஜெயா பாவம் என்ன செய்வாள்? சுரூபத்துக்குப் பின்னால் கைவிட்டு எடுத்துக் கொடுத்துவிட்டாள்.

முறுக்குத் தட்டோடு வந்த ஆரோக்கியம், கடைசி கிளாஸில் காசம்மாள் தாராளமாகக் கவிழ்ப்பதைப் பார்த்தாள். சேசு மரி சூசையே! தட்டு சாய்ந்து முறுக்கெல்லாம் தரையில் ஓடியது. "வேணாம்" என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் எல்லாரும் சிலுவை போட்டுக்கொண்டு கிளாஸைத் தூக்கிவிட்டார்கள்.

அந்தோணிசாமி ஒரே மூச்சில் முடித்துவிட்டு, மீசையைத் துடைத்துக்கொண்டு, "இன்னொரு கிளாஸ் கெடைக்குமா?" என்றார். பையன் ஒரு மடக்கு குடித்தான். கண்ணில் மூக்கில் எல்லாம் தண்ணி, இருமி இருமி முகம் சிவந்துவிட்டது. வெற்றிலையோடு அப்போதுதான் உள்ளே வந்த சூசைநாதன், கையில் கொடுத்த கிளாஸை வாயில் வைத்த வேகத்தில் வாசலுக்கு ஓடித் துப்பினார். கடைசியாகக் குடித்த காசம்மாளுக்குத் தொண்டை எரிந்தது. பாட்டிலை மோந்து பார்த்தாள். நெஞ்சில் கைவைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"அடப்பாவிங்களா! மாதா பாட்டில்லயா? மாதா பாட்டில்லயா சரக்கு வெச்சிருக்கீங்க?" வீடே அதிர்ந்தது. வாசலிலிருந்து திரும்பிய சூசைநாதனைப் பார்த்துக் கையை நீட்டினாள். "நீயெல்லாம் மனுஷனாய்யா? சத்தியம் பண்ணது மாதாகிட்ட, ஒளிச்சி வெச்சதும் அவ முதுகுக்குப் பின்னாடியா? எழுந்திருடா தம்பி, போவலாம்."

சூசைநாதன் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். ஜெயா அப்பாவைக் குற்றவாளியைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டு இருந்தால் புருஷன் பேர் போகும். திறந்தால் தன் மானம் போகும். எப்படியும் கல்யாணம் போயிற்று என்றுதான் நினைத்தாள்.

"அது என் பாட்டிலு சம்பந்தி" என்றாள். "துரைசானி குடுத்துச்சு. நான்தான் ஒளிச்சி வெச்சேன். நல்ல நாளு பெரிய நாள்ல நான்தான் குடிச்சேன். அந்த மனுஷனுக்கு ஒண்ணுந் தெரியாது."

"யம்மா!" என்றாள் ஜெயா. காசம்மாள் வாயில் ஈ போனாலும் தெரிந்திருக்காது. ஒரு பொம்பளை, அதுவும் முக்காடு போட்ட பொம்பளை, நாலு பேர் முன்னால் நான் குடித்தேன் என்று சொல்லி அவள் கேட்டதே இல்லை.

காசம்மாள் மெல்லத் தன் புருஷன் பக்கம் திரும்பினாள்.

"அவரு வாயில வெச்சதும் துப்பிட்டாரு. எம் புள்ளைக்கு எறங்கல. நீ மட்டும் மொத்தத்தையும் குடிச்சிட்டு இன்னொரு கிளாஸ் கேட்ட. இன்னான்னு ஒனக்கு தெரிஞ்சிதான கேட்ட?"

அந்தோணிசாமி மோட்டுவளையைப் பார்த்தார்.

"கடலூர்ல மதுவெலக்கு, சாராயக் கடை இல்ல. நெலம் பாக்கறேன் நெலம் பாக்கறேன்னு வாரா வாரம் இந்தப் பாகூருக்கு எதுக்கு வர்றன்னு எனக்குத் தெரியாதா? எத்தினி தடவ கேட்டிருப்பேன், ஒரு தடவையாவது இந்தம்மா மாதிரி ஆமான்னு சொல்லியிருக்கியா?" குரல் உடைந்து, காசம்மாள் ஆரோக்கியத்தின் கையைப் பிடித்துக்கொண்டாள். "குடிகாரன் இல்லாத வூடு வேணும்னு ஒன்ன கேட்டனே, என் வூட்ட பத்தி நீ கேக்கவே இல்லையே சம்பந்தி! இப்ப கேட்டுக்க. எம் புள்ள தொட மாட்டான், அவன் இருமனத நீயே பாத்த. பொண்ணு குடுக்கறியா?"

ஆரோக்கியம் ஜெயாவைப் பார்த்தாள். ஜெயா, இன்னும் இருமிக்கொண்டிருந்த பையனுக்குப் பானையிலிருந்து ஒரு சொம்பு தண்ணி மொண்டு நீட்டினாள். அதுவே பதிலாயிற்று.

அவர்கள் பஸ் ஏறிய பிறகு ஆரோக்கியம் பாட்டிலைக் கொண்டுபோய்க் கொல்லையில் கவிழ்த்தாள். சூசைநாதன் பின்னாலேயே வந்து நின்றார்.

"அந்தம்மா அத்தினி பேச்சு பேசுது, எனக்குத் தெரியாதுன்னு சொல்ல வேண்டியதுதான?" என்று அழுதாள் ஆரோக்கியம்.

"தெரியுமே. மொத நாளே தெரியும்" என்றார் சூசைநாதன். "மாடத்துல மாதா முன்னாடி தெனம் முட்டிபோடறேன், எனக்கா வாசனை தெரியாது?"

ஆரோக்கியத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அப்புறம் ஏன் தொடல?"

"மாதா பின்னாடி வெச்சா இவன் தொட மாட்டான்னு நம்பி வெச்சிருந்த. இந்த ஊர்ல என்ன நம்புனது நீ ஒருத்திதான்" என்று சொல்லிவிட்டு, காலிப் பாட்டிலை வாங்கிக் கழுவக் கிணற்றடிக்குப் போனார்.