ட்ரில் கம்பியின் பவர்

தங்கச் சுரங்க ஊரான ஊரிகத்தில், எங்கள் லைன் வீட்டு வாசலில் தம்பிக்கு வலிப்பு வந்தது. யாரோ அவன் கையில் சாவிக்கொத்தைத் திணித்தார்கள், வலிப்பு நிற்கவில்லை. நான் ஆட்டோவை வரவழைத்தேன். சுரங்கத்தில் வேலை பார்த்த பக்கத்து வீட்டு மேதை வண்டியை மறித்தார்.

“இன்னாத்துக்கும்மா அவசரம்? சாவிலாம் வேலைக்காவாது. என் ட்ரில் கம்பிய கைல குடு, தானா நிக்கும். சுரங்க ஷாஃப்ட்ல இருந்த இரும்பு, பவர் ஜாஸ்தி!”

தெருவே தலையாட்டியது. கம்பியைத் தேடப் பாதிப் பேர் ஓட, மீதிப் பேர் தம்பியைத் தூக்க விடவில்லை. கம்பி வந்தது, வலிப்பு நிற்கவில்லை. அவர்களைத் தள்ளிவிட்டுத்தான் கிளம்பினேன். ஆஸ்பத்திரியில் ஊசி போட்டதும் நின்றது.

“ஃபிட்ஸ் நீடிச்சா மூளை செல்கள் ஓயாம வேலை செய்யும். ரத்தத்துல வர்ற சர்க்கரையும் ஆக்சிஜனும் பத்தாம செத்துடும். செத்தது திரும்ப வராதும்மா” என்றார் டாக்டர்.

வீடு திரும்பியதும் மேதைதான் முதலில் வந்தார். தம்பியோடு தினமும் கேரம் ஆடுபவர்.

“பாத்தியா, நம்ம கம்பிதான் காப்பாத்திச்சி!”

தம்பி அவரையே உற்றுப் பார்த்தான். பிறகு என்னிடம் கேட்டான்: “அக்கா, இவரு யாரு?”

இன்றுவரை அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. என் கோபத்துக்கு ஆளாகவும் ஒரு தகுதி வேண்டும்.